ஆளுக்கு மிஞ்சிய கத்தி

ஈப்போ, மலேசியா
12 ஜனவரி 2002

என் அக்கா வேண்டாவுக்கு, கண்ணாயிரம் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். காய்ச்சல் விட்டது, இருமல் மட்டும் கூடவே வந்திருக்கிறது. மாமாவின் முதுகுவலி எப்படி? ஆட்டோவிலேயே மணிக்கணக்காக உட்காராமல் நடுநடுவே இறங்கி நடக்கச் சொல்.

இங்கே கோபுர வேலை. நேற்று மேல்நிலையில் துவாரபாலகர் கையில் கதாயுதம் வைத்தோம். சாரத்தில் நின்று பார்த்தால் அவர் தொடையைவிடக் கதை பெரிதாகத் தெரிகிறது. நான் தயங்கினேன். மேஸ்திரி சிரித்தார். “கீழ எறங்கிப் போய் வாசல்ல நின்னு பாருய்யா” என்றார். போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்போது நம் பொம்மைகள் நினைவுக்கு வந்துவிட்டன. அதன்பிறகு வேலை ஓடவில்லை.

நீ அறியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் ஒருமுறை மனதுக்குள் ஓடுகிறது, எழுதினால் நிற்குமா என்று பார்க்கிறேன். இரண்டு வருடம் குனிந்து பன்னிரண்டு வீரர்களைச் செய்தேன். ஒவ்வொருவனும் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம். அவர்களை மூலப் பொம்மைகளாக வைத்து ரப்பர் அச்சு எடுத்து, வெள்ளீயம் ஊற்றி, நீங்கள் வண்ணம் தீட்டி, ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்குப் போயின. ஒவ்வொருவன் காலடியிலும் ஒரு ‘க’ கீற வேண்டும் என்று கேட்டேன். முதலாளி செங்கல்வராயன் முடியாது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூலங்களை டிபன் பாக்ஸில் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கீறிவிட்டுத் திங்கட்கிழமை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கள் காலையில் போலீஸ் வந்தது. சட்டையைக் கழற்றி ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து: ‘இந்தப் பன்னிரண்டு பொம்மைகளும் திரு. செங்கல்வராயன் தம் கையால் செய்தவை. நான் திருடினேன்.’ சாட்சிக் கையெழுத்து, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஈயம் ஊற்றிய சின்னராசு. அடுத்த வெள்ளிக்கிழமை கருங்குழியில் பெண் வீட்டிலிருந்து நிச்சயப் புடவை திரும்பி வந்தது.

இரண்டு வருடத்தில் திரும்பி வருவேன். செங்கல்வராயனின் பத்து விரலையும் அம்மிக்கல்லில் வைத்து நசுக்குவேன். இது கோபத்தில் எழுதுவது அல்ல, சாப்பிட்டு முடித்து நிதானமாக எழுதுகிறேன்.

நீ இன்னும் அந்த ஆளிடம் வேலைக்குப் போகிறாய் என்று மாமா சொன்னார். எப்படி அக்கா முடிகிறது? நின்றுவிடு.

உன் தம்பி,
கண்ணாயிரம்

*

மாமல்லபுரம்
3 பிப்ரவரி 2002

தம்பி கண்ணாயிரத்துக்கு,

கடிதம் வந்தது. மாமா சத்தமாகப் படித்தார், அம்மிக்கல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். இருமலுக்கு மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடு. அங்கே தேன் கிடைக்கும்தானே?

நான் நிற்கப் போவதில்லை. நான் நின்றால், திருடன் வீட்டு ஆள் ஓடிவிட்டாள் என்பார்கள். அதோடு அங்கே இருந்தால்தான் எது எப்படி நடக்கிறது என்று தெரியும்.

உனக்குத் தெரியாத ஒரு சேதி. வேறு யாராவது எழுதும்முன் நானே சொல்லிவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்ட தாளை லேமினேஷன் செய்து பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். தண்ணீர்ப் பானைக்கு நேர் மேலே. பக்கத்தில், இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த அவருடைய படம், கையில் பூதக்கண்ணாடியோடு. கீழே அவர்தான் சிற்பி என்று போட்டிருக்கிறது. நாங்கள் பத்துப் பெண்களும் தாகம் எடுத்தால் அங்கேதான் போக வேண்டும். நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை தண்ணீர் குடிக்கிறேன். ஆறு தடவையும் படிக்கிறேன்.

விரலை நசுக்குவதைப் பற்றி இனி எழுதாதே. விரலை நசுக்கினால் மூன்று மாதத்தில் ஆறிவிடும். ஊரும் அவரைப் பார்த்து ஐயோ என்னும், உன்னைப் பார்த்து அன்றைக்கே தெரியும் என்னும். நீ பொறுத்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். வீரர்களுக்கு நீ ஏன் அவ்வளவு பெரிய கத்தி வைத்தாய் என்று ஒருமுறை எனக்குச் சொன்னாய். மூன்று காரணம் சொன்னதாக ஞாபகம். இரண்டுதான் நினைவில் இருக்கிறது. மறுபடி எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா வேண்டா

*

ஈப்போ
26 பிப்ரவரி 2002

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. மிளகு வேலை செய்ததா, உனக்குப் பயந்து ஓடியதா தெரியவில்லை. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா?

தாளை மாட்டியிருக்கும் இடத்தைப் படித்தேன். விரலைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாய், எழுதவில்லை.

கத்திக்கு வருகிறேன். முதல் காரணம், ஈயம். அச்சுக்குள் ஓடும்போதே அது ஆறிக்கொண்டு வரும். கத்தி மெல்லியதாக இருந்தால் நுனிவரை போகாது. மீனாட்சி பாட்டி கடை ஜிலேபி மாதிரி: மாவு இழுக்கும்போது நடுவே விட்டுப்போகும் இல்லையா, அப்படி. சின்னராசு ஈயத்தை இன்னும் காய்ச்சினால் நுனிக்கும் ஓட்டிவிடுவான். அவன் கெட்டிக்காரன்தான்.

இரண்டாவது, அப்படி ஓட்டினாலும் நிற்காது. நிஜக் கத்தியின் கணக்குப்படி இந்த அளவு ஆளுக்குக் கத்தி செய்தால் அது துடைப்பக் குச்சியில் பாதி கனம்கூட இருக்காது. இரும்பென்றால் சரி, இது ஈயம். கையில் வைத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் போட்டுக் கப்பலில் குலுக்கினால் முதலில் வளையும். வாங்கினவன் நிமிர்த்துவான். உடையும்.

மூன்றாவது, அந்த மேசைச் சண்டை விளையாட்டு. வளர்ந்த ஆண்கள் நம் பொம்மைகளை வைத்து மேசையைச் சுற்றி நின்று ஆடுகிறார்களாம், நம் மாமா கேட்டுச் சிரித்தாரே, அதேதான். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, கத்திதான் தெரியும். அந்த விளையாட்டில் கோடாரி இருந்தால் குள்ளன், வளைந்த வாள் இருந்தால் பன்றி மூக்கு அரக்கன். கோபுரத்துக்குக் கீழே நின்று பார்ப்பவனுக்குக் கதாயுதம் எப்படியோ, இவனுக்குக் கத்தி அப்படி. எட்ட நிற்பவனுக்குத் தெரிய வேண்டும்.

எதற்குக் கேட்டாய்? ஏதாவது உடைந்ததா?

கண்ணாயிரம்

*

மாமல்லபுரம்
20 ஏப்ரல் 2002

தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெரியவனுக்கு அம்மை போட்டு இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறான், வேப்பிலை வாசனைதான் வீட்டைவிட்டுப் போகவில்லை. கோபுரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறாயா?

ஒன்றும் உடையவில்லை.

போன மாதம் செங்கல்வராயன் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு நம் பன்னிரண்டு பேரையும் கொண்டுபோனார். சிற்பி என்று சட்டையில் அட்டை குத்திக்கொண்டு நின்றிருக்கிறார். யாரோ மியூசியத்தில் வேலை பார்த்தவராம். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கத்தி ஆளவிடப் பெருசா கீது? இத்தத் தூக்கினு இவன் நடக்க முடியுமா? அளவுன்னு ஒண்ணு படிக்கலையா நீங்க?” என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இதெல்லாம் கூடப்போன சின்னராசு சொன்னது.

மறுநாள் முகம் சிவந்துபோய் வந்தார். பழைய ஆயுதங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகமும், அளவு பார்க்கும் இடுக்கி ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். நிஜ வாள் மூன்றடி, ஆள் ஐந்தரை அடி, அப்படியானால் இவனுக்கு எவ்வளவு என்று. பழைய ரப்பர் அச்சுகள் தேய்ந்துவிட்டன, எப்படியும் புது அச்சு எடுக்க வேண்டிய நேரம்தான்.

வேறு விசேஷம் இல்லை. என்னோடு வண்ணம் தீட்டிய பிரபாவதி வேலையை விட்டுவிட்டாள். செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப் அடிக்கும் கடையில் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி, இங்கிலீஷ் டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்தவள். நல்ல இடம்.

வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே.

அக்கா

*

ஈப்போ
15 மே 2002

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பெரியவன் உடம்பு தேறிவிட்டதா?

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் எழுதியிருக்கிறான். உன் கடிதத்தில் இல்லாதது அவன் கடிதத்தில் இருக்கிறது. டீக்கடையில் சின்னராசு எல்லோர் முன்னாலும் சொன்னானாம்: “ஓனரு அரத்த கைல வெச்சிக்கினு ராவலாமா வாணாமான்னு யோசிச்சிக்கினே இருந்தாரு. அப்போ அவன் அக்காவேதான் சொல்லிச்சு. ‘என் தம்பிக்கு அளவு தெரியாது சார், வெச்ச கத்தியெல்லாம் ஆளுக்கு மிஞ்சின கத்திதான்’னு. கூடப் பொறந்ததே சொல்லுது மச்சான், நாம இன்னாத்த சொல்ல.”

டீக்கடையே சிரித்ததாம்.

அதோடு, அவர் என் மூலங்கள் பன்னிரண்டையும் எடுத்துக் கத்திகளை அரத்தால் ராவி மெலிதாக்கிக்கொண்டிருக்கிறாராம். என் குள்ளனின் கோடாரிக்கு நான் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன், அக்கா. உனக்குத் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்று நீதான் வாசல் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

நீ சொன்னாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

கண்ணாயிரம்

*

மாமல்லபுரம்
2 ஜூன் 2002

தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆமாம். சொன்னேன்.

மழைக்காலம் வந்தால் சாரத்தில் பாசி பிடிக்கும். பார்த்து ஏறு.

அக்கா

*

மாமல்லபுரம்
10 செப்டம்பர் 2002

தம்பிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரரே வெட்கப்பட்டுச் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறதா என்பதை மட்டுமாவது மாமாவுக்கு எழுது.

நீ படிக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

புது அச்சு வேலை செய்கிறது. கத்திகள் ஊசி மாதிரி வருகின்றன. சின்னராசு ஈயத்தை மிகவும் காய்ச்சித்தான் நுனிவரை ஓட்டுகிறான். முதல் பொம்மையைச் செங்கல்வராயன் என்னிடம் நீட்டினார். “இன்னா வேண்டா, இப்போ எப்டி கீது?” என்றார். நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “அழகா கீது சார்” என்றேன். பொய் இல்லை தம்பி. நிஜமாகவே அழகாக இருந்தது. நிஜ மனிதன் நிஜக் கத்தியைப் பிடித்திருப்பது போல. நானும் இரண்டு மாதமாக அவற்றுக்கு வண்ணம் தீட்டுகிறேன். இவ்வளவு கவனமாக என் ஆயுசில் தீட்டியதில்லை. கத்தியின் ஓரத்தில் ஒரு முடியளவு வெள்ளிக் கோடு, அது வளையாமல் இழுக்க மூச்சை நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதுவரை போனதிலேயே பெரிய சரக்கு. அடுத்த வாரம் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போகின்றன.

வரலட்சுமி வேலையை விட்டுவிட்டாள். அணுபுரத்தில் தையல் கடையில் இருக்கிறாள். முனியம்மா செய்யூர்ப் பக்கம் சவுக்கு நாற்றுப் பண்ணைக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இப்போது பட்டறையில் நானும் இன்னொருத்தியும்தான். அவளுக்கும் இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்துவிடும்.

தண்ணீர்ப் பானை அதே இடத்தில்தான் இருக்கிறது.

அக்கா

*

ஈப்போ
1 அக்டோபர் 2002

மாமா ஆனந்தன் அவர்களுக்கு, கண்ணாயிரம் வணக்கம்.

நான் சுகம். முதுகுக்கு இங்கே கிடைக்கும் தைலம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன், காலையில் தேய்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அக்காவின் கடிதம் வந்தது. படித்தேன். வெட்டிய கத்திக்கு வெள்ளிக் கோடு இழுக்க மூச்சை நிறுத்துகிறாராம். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

*

மாமல்லபுரம்
18 டிசம்பர் 2002

என் தம்பி கண்ணாயிரத்துக்கு,

மாமாவுக்கு முதுகு தேவலை. தைலத்தின் நெடியில் கொசுகூட வருவதில்லை. நீ என் பெயரைப் போடாமல் எழுதிய கடிதத்தை மாமா எனக்குப் படித்துக் காட்டினார். “இன்னாடி, ‘அவர்’ போட்டு எழுதிக்கீறான் உன்ன. பெரிய மனுஷி ஆயிட்ட போ” என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் அப்போதும் சொல்லாமல் இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம். இதை உட்கார்ந்து படி.

பெட்டிகள் நவம்பர் முதல் வாரம் அங்கே போய்ச் சேர்ந்தன. திறந்து பார்த்தால் பாதிக் கத்தி உடைந்து பெட்டியின் அடியில் கிடந்ததாம், மீதிப் பாதி வெயிலில் போட்ட மெழுகுவர்த்தி மாதிரி வளைந்து கிடந்ததாம். சரக்கு வாங்கும் இங்கிலாந்துக்காரர் ஃபேக்ஸில் எழுதினார்: சரக்கு வேண்டாம், இனி எதுவும் வேண்டாம், எங்கள் பத்திரிகையில் உங்கள் படத்தைப் பெரிய சிற்பி என்று போட்டோம், அதே பக்கத்தில் உடைந்த கத்திகளின் படத்தையும் போடப் போகிறோம்.

செங்கல்வராயனிடம் ஏழு வருடம் வேலை பார்த்தவள் நான். அவர் தலைக்கு ஏதாவது வந்தால் கை தானாக நீண்டு பக்கத்தில் இருப்பவனைக் காட்டும். அச்சு வெடித்தபோது சின்னராசுவைக் காட்டியது. வண்ணம் உதிர்ந்தபோது முனியம்மாவைக் காட்டியது. இந்தத் தடவையும் முதலில் சின்னராசுதான். ஈயத்தில் கலப்படம் என்று எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்படியே இங்கிலாந்துக்கும் எழுதினார். அங்கிருந்து பதில் வந்தது: ஈயத்தைச் சோதித்துவிட்டோம், நல்ல ஈயம். கத்தி மெல்லியது. மூலத்தைச் செய்த சிற்பி நீங்கள்தானே?

கை அடுத்து எங்கே நீளும் என்று எனக்குத் தெரியும். மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான்.

செங்கல்பட்டு டைப் கடையில்தான் அவர் எப்போதும் இங்கிலீஷ் கடிதம் அடிப்பார். பிரபாவதியை அந்தக் கடைக்கு அனுப்பியது நான். நவம்பர் இருபத்தாறாம் தேதி அவர் போய் அவளிடமே சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தார். அவள் கார்பன் வைத்து அடித்தாள். அதில் இருப்பது இது: நான் பட்டறை முதலாளி மட்டுமே. பன்னிரண்டு பொம்மைகளையும் ஆதி முதல் செய்தவன் கண்ணாயிரம் என்ற முன்னாள் தொழிலாளி. குறை அவனுடையது. கீழே, கார்பனிலும் விழும்படி, அவர் கையெழுத்து.

அந்த நகலை எடுத்துக்கொண்டு, மாமாவோடு, வெயில் ஏறும்முன் பட்டறைக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். சுவரில் இருந்த தாளைக் கழற்றினேன். இரண்டையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“இன்னாது இது?” என்றார்.

“ஒண்ணு நீங்க எழுதி வாங்கினது சார், ஒண்ணு நீங்களே எழுதினது. இதுல நீங்க செஞ்சதுன்னு கீது. அதுல என் தம்பி செஞ்சதுன்னு கீது. ரெண்டுல எது நெசம்? ஒண்ண ஸ்டேஷனுக்குக் குடுக்கணும், ஒண்ண இங்கிலாந்துக்கு அனுப்பணும். எத்த எங்க அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

எதை எங்கே அனுப்பினாலும் அவர் சொன்ன பொய் தெரிந்துவிடும். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் செய்வார்.

அன்றைக்கே ஸ்டேஷன். புகார் எழுதும் ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். அதே பெஞ்ச், தம்பி. செங்கல்வராயன் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டுக்கொண்டுதான். ஆனால் எட்டு பஸ் போனது, நான் எண்ணினேன். பிறகு தம் கையாலேயே எழுதினார்: பொம்மைகள் கண்ணாயிரம் செய்தவை, திருட்டு எதுவும் நடக்கவில்லை, அன்று கொடுத்த புகார் பொய். சாட்சி வேண்டும் என்றார்கள். சின்னராசுவைக் கூட்டி வந்திருந்தேன். அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். “அக்கா, மன்னிச்சிரு” என்றான். “மன்னிப்பெல்லாம் அப்பறம். அன்னிக்கு எவ்ளோ பெருசா போட்டியோ, அவ்ளோ பெருசா போடு” என்றேன். போட்டான்.

வெளியே வந்ததும் செங்கல்வராயன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கிலாந்துக்காரர் மறுபடி எழுதியிருக்கிறாராம்: அப்படியானால் உடையாத பழைய பொம்மைகளும் அந்தக் கண்ணாயிரம் செய்தவைதானே? அவன் எங்கே? செங்கல்வராயன் குரல் இறங்கிப்போயிருந்தது. “வேண்டா, உன் தம்பிய வரச் சொல்லும்மா. பழைய மாரியே கத்தி வெச்சிக் குடுக்கட்டும். அவன் பேரே போட்டுக்கலாம்” என்றார்.

நான் சொன்னேன்: “அவனுக்கு அளவு தெரியாது சார்.”

இதைச் சொல்லத்தான் அன்றைக்கு அதைச் சொன்னேன்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் மூலங்கள் பன்னிரண்டும் அரத்துக்கடியில் போக வேண்டியிருந்தது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். அக்கா, பழி வேண்டாம், குள்ளனை விட்டுவிடு என்று எழுதியிருப்பாய். உன் குள்ளனின் கோடாரி கடைசியாகத்தான் போனது. தூள் தரையில் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று அழகா கீது சார் என்றேன். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெண்கள் யாருக்கும் வேலை போகவில்லை. எல்லோருக்கும் இடம் பார்த்து வெளியே அனுப்பியபிறகுதான் பெட்டியை ஏற்ற விட்டேன். ஒருத்திக்கு மட்டும் தாமதமாகிவிட்டது, பதினைந்து நாள் சும்மா இருந்தாள். அது என் தப்பு.

சுவரில் இருந்த தாள் இப்போது நம் வீட்டில். கிழிக்கப் பார்த்தேன், லேமினேஷன் ஆனதால் கிழியவில்லை. உன் கையெழுத்து இருந்த மூலையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி அடுப்பில் போட்டேன். மீதியை வைத்திருக்கிறேன். வழவழவென்று இருக்கிறது, வண்ணம் குழைக்க நன்றாக இருக்கிறது. கற்சிலைக் கடைகளுக்குச் சின்னச் சின்னப் பொம்மைகள் தீட்டிக் கொடுக்கிறேன். தினமும் அவர் பெயர்மேல்தான் சிவப்பைக் குழைக்கிறேன்.

ஸ்டேஷனில் எழுதியதன் நகலை மாமா கருங்குழிக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அது என்னால் திருப்ப முடியாதது. அதற்காகத்தான் செங்கல்வராயன்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேரத்துக்குத் தூங்கு. ‘அவர்’ என்று மட்டும் எழுதாதே.

உன் அக்கா,
வேண்டா

*

ஈப்போ
9 ஜனவரி 2003

என் அக்கா வேண்டாவுக்கு,

நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சாரத்தின் மேலே வைத்துப் படித்தேன். மேஸ்திரி, “இன்னாய்யா, யாராவது செத்துட்டாங்களா?” என்று கேட்டார். “இல்ல மேஸ்திரி, பொழச்சிட்டாங்க” என்றேன்.

குள்ளனுக்காக ஒரு நாள் அழுதேன். மறுநாள் நீ எழுதிய எட்டு பஸ்ஸை நினைத்துச் சிரித்தேன். அன்றைக்கு நானும் பஸ்களை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அக்கா. முப்பத்தொன்று. இன்னும் இருபத்துமூன்று பாக்கி இருக்கிறது என்று எழுத வந்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு உன்னிடம் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அம்மிக்கல் என்று கத்தியவன் நான். எட்டு மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் கோடும் இழுத்தவள் நீ. சின்ன வயதில் பம்பரத்துக்காக உன்னோடு சண்டை போட்டதெல்லாம் நினைவுக்கு வந்து, நல்லவேளை என்று தோன்றியது.

இங்கிலாந்துக்காரருக்கு நானே நேரில் எழுதிவிட்டேன். கோபுர வேலை முடிந்ததும் புதிதாகப் பன்னிரண்டு பேர். காலடியில் ‘க’. வண்ணம் தீட்ட ஆள் அங்கே இருக்கிறது என்றும் எழுதினேன். பத்துப் பேர்.

ஊருக்கு வரும் மேஸ்திரியிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உனக்காகச் செய்தது. சிமெண்டு, ஒரு சாண் உயரம், கீழே விழுந்தாலும் உடையாது. வண்ணம் நான் தீட்டவில்லை, அது உன் வேலை. பார்த்துவிட்டு அளவு சரியில்லை என்று சொல்லாதே. அளவு தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
கண்ணாயிரம்

*

மாமல்லபுரம்
20 பிப்ரவரி 2003

என் தம்பிக்கு,

பொட்டலம் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. மேஸ்திரி நம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, உன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தையும் நான்கு புகாரும் சொல்லிவிட்டுப் போனார். கயிறு கட்டாமல் ஏறுகிறாயாமே?

பொம்மையைத் துணியிலிருந்து எடுத்ததும் மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இன்னாடி இது, பொம்பள ஒக்காந்துகினு கீறா, கைல கீற பிரஷ்ஷு அவளவிடப் பெருசா கீது! ஈட்டி மாரி புடிச்சினு கீறா பாரு!”

நான் சொன்னேன்: “எட்ட நிக்கறவனுக்குத் தெரியணும் இல்ல.”

புடவைக்குப் பச்சை அடித்தேன். முகத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை. தூரிகையின் நுனிக்கு மட்டும் நல்ல சிவப்பு, அந்தத் தாளின்மேல் குழைத்தது.

செங்கல்வராயன் காரை விற்றுவிட்டார். பட்டறைப் பலகையை இறக்கியாகிவிட்டது. காலையில் எட்டரை மணி பஸ்ஸுக்கு நம் வீட்டெதிரே நிழற்குடையில் நிற்கிறார். பஸ் வரப் பத்து நிமிடம் ஆகும். வேறு எங்கே பார்ப்பார், இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

பொம்மையை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அவர் நிற்கும் இடத்தில் நானே போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அங்கிருந்து ஆள் யாரென்று தெரியவில்லை. தூரிகை தெரிகிறது.

கயிறு கட்டிக்கொண்டு ஏறு.

அக்கா